பர்மிங்காமின் பழைய சப்வேக்கள் எங்கே போயின?

கேள்வி இது: 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வேலை பார்த்த பெரியப்பா, ஊரின் நடுவே திரும்பிய பக்கமெல்லாம் சப்வே இருந்தது என்கிறார். ஒரு தெருவில் இறங்கினால் நினைக்காத தெருவில் போய் ஏறுவார்களாம். ஒருமுறை ஏறி வந்த இடத்தில் ராட்சதக் குரங்குச் சிலை நின்றதாம். இன்றைய வரைபடத்தில் எதையும் காணோம். அவர் சொல்வது உண்மைதானா, அந்தச் சப்வேக்களை என்ன செய்தார்கள், இருந்த இடத்தை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

குரங்கு உண்மை. நிக்கோலஸ் மன்ரோ என்ற சிற்பி கண்ணாடியிழையில் செய்த கிங்காங் சிலை அது. ஐந்தரை மீட்டர் உயரம். 1972-இல் சில மாதங்கள் மட்டும் புல் ரிங் என்ற கடைவீதிப் பகுதியின் பக்கத்தில் மன்சோனி கார்டன்ஸ் என்ற சிறு பூங்காவில் நின்றது. சுற்றிலும் சாலை, அதனால் சப்வே வழியாகத்தான் அந்தப் பூங்காவுக்குப் போவார்கள். சிலையை நகராட்சி விலைக்கு வாங்கவில்லை. பழைய கார் விற்கும் ஒருவர் வாங்கித் தன் கடைக்கு விளம்பரமாக நிறுத்திக்கொண்டார். ஆக, உங்கள் பெரியப்பா சொல்வது கதையல்ல. ஆண்டுகூடக் கிடைத்துவிட்டது.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடலாம். நம்மூரில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கார், பஸ் போகும் வழியையும் சப்வே என்கிறோம், மழை வந்தால் முதலில் மூடுவது அதைத்தான். பர்மிங்காம்காரர்கள் சப்வே என்றால் நடப்பவர்களுக்கு மட்டுமான வழி. கீழே வருவது அதைப் பற்றித்தான்.

நகரப் பொறியாளர் ஹெர்பர்ட் மன்சோனி 1935 முதல் 1963 வரை அந்தப் பதவியில் இருந்தார். பூங்காவுக்கு வைத்ததும் அவர் பெயரைத்தான். நகர மையத்தைச் சுற்றி ஒரு உள்வட்டச் சாலை போடுவதற்கான சட்ட அதிகாரம் 1946-இல் வந்தது, வேலை 1957-இல் தொடங்கியது, முதல் பகுதியான ஸ்மால்புரூக் ரிங்வே 1960-இல் திறந்தது, வட்டம் 1971-இல் முடிந்தது. இடையில் 1963-இல் வெளியான புக்கனன் அறிக்கை, வண்டியையும் ஆளையும் பிரித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை நாடு முழுக்கப் பரப்பியது. சாலை மட்டத்தை வண்டிக்குக் கொடுத்தார்கள், ஆளைக் கீழே இறக்கினார்கள். கோளாறு என்னவென்றால், இந்த வட்டத்தை ஊருக்கு வெளியே போடாமல் கடைத்தெருவின் கழுத்தை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்து போகிற எல்லாரும் தினம் அதைக் கடந்தாக வேண்டும். பிற்காலத்தில் அதற்குக் 'கான்கிரீட் காலர்' என்றே பட்டப்பெயர் வந்தது.

இந்தச் சப்வேக்கள் ஏன் செத்தன என்று கேட்டால் பெரும்பாலானோர் திருட்டு, இருட்டு, மூத்திர நாற்றம் என்பார்கள். அவை பின்னால் வந்தவை. முதல் காரணம் கணக்கு.

சப்வேயின் உட்புற உயரம் குறைந்தது 2.3 மீட்டர். 23 மீட்டருக்கு மேல் நீண்டால் 2.6 என்பது பிரிட்டிஷ் வடிவமைப்பு அளவு. அதன் மேல் கான்கிரீட் கூரை, நீர்த்தடுப்புப் படலம், தார் எல்லாம் சேர்த்தால் தரை சாலைக்குக் கீழே ஏறக்குறைய 3.3 மீட்டரில் அமையும். 150 மில்லிமீட்டர் உயரப் படி என்றால் 22 படி இறங்கி 22 படி ஏற வேண்டும். சாய்தளம் போட்டால், 12-க்கு 1 சரிவில் 40 மீட்டர், 20-க்கு 1 என்ற வசதியான சரிவில் 66 மீட்டர், இதுவும் இரண்டு பக்கத்துக்கும். 15 மீட்டர் அகலச் சாலையை நேராகக் கடக்க 13 நொடி போதும். 12-க்கு 1 சாய்தளம் வழியாகத் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகும் தாய் 95 மீட்டர் நடக்கிறார், அது 80 நொடி. நடைமேம்பாலத்தோடு ஒப்பிட்டால் சப்வே மேல். பாலத்துக்கு லாரி உயரம் விட்டு ஐந்து மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், சப்வேயில் ஆள் உயரம் விட்டால் போதும். ஆனால் நடப்பவர் பாலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, எதிரே தெரியும் கடையோடுதான் ஒப்பிடுகிறார். 1965-இலேயே மூர், ஓல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து சொன்னார்கள். நேராகக் கடக்கும் நேரமும் கீழே போகும் நேரமும் ஒன்றாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லாரும் சப்வேயைப் பயன்படுத்துவார்கள். மேம்பாலத்தில் அது ஒன்றரை மடங்கானால் அநேகமாக ஒருவரும் ஏறமாட்டார்கள். பர்மிங்காமில் இந்த விகிதம் தோற்றுப்போகாமல் இருக்க ஒரே வழி, நேராகக் கடப்பதைக் கம்பி வேலி போட்டுத் தடுப்பது. அதைத்தான் செய்தார்கள். விரும்பி யாரும் சப்வேயில் இறங்கவில்லை, வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். வேலியை எடுத்துச் சிக்னல் வைத்த அன்றே கூட்டம் மேலே ஏறிவிடும்.

'நினைக்காத தெருவில் போய் ஏறுவோம்' என்பதற்கும் காரணம் உண்டு. ரவுண்டானாவுக்கு அடியில் போகும் சப்வேக்கள் நடுவில் ஒரு பள்ளமான திறந்த திடலில் கூடும். அங்கிருந்து நாலைந்து வாய்கள் பிரியும். பள்ளத்தில் நிற்பவருக்கு மேலே வானம் தெரியும், கோபுரமோ கடைப்பலகையோ தெரியாது. எல்லா வாயும் ஒரே ஓடு, ஒரே விளக்கு. வளைந்து வருவதால் இரண்டு திருப்பத்தில் திசை போய்விடும். பலகையில் தெருப்பெயர் எழுதியிருப்பார்கள், ஆனால் தெருவின் இந்தக் கரையா அந்தக் கரையா என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். தப்பு என்றால் இன்னொரு 44 படி.

அடுத்தது தண்ணீர். சப்வேயின் தரை பல இடங்களில் தெருச் சாக்கடை மட்டத்துக்கும் கீழே இருக்கும். படிக்கட்டு ஒரு திறந்த புனல் மாதிரி, மழை நேராக உள்ளே வரும். படியின் அடியில் குறுக்கே ஒரு கிராதி போட்ட வாய்க்கால், அதிலிருந்து வண்டல் தொட்டி, அதிலிருந்து சம்ப், சம்ப்பில் இரண்டு மோட்டார், ஒன்று ஓட, மற்றது பதிலுக்கு. ஃப்ளோட் சுவிட்ச் மிதந்து ஏறினால் மோட்டார் ஓடும், தண்ணீரை மேலே உள்ள சாக்கடைக்குத் தள்ளும். தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கெட்டுப்போகும் வரிசையும் அநேகமாக எப்போதும் ஒன்றுதான். இலையுதிர் காலத்தில் இலையும் சிப்ஸ் பாக்கெட்டும் கிராதியை மூடும், தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். கிராதியைத் தூக்கிக் குச்சியால் குத்திவிடுவார்கள், குப்பை சம்ப்புக்குப் போகும். அதில் ஒரு துண்டு வால்வின் கதவில் சிக்கினால் கதவு முழுதாக மூடாது. ஏற்றிய தண்ணீர் குழாயிலிருந்து திரும்ப இறங்கும், ஃப்ளோட் மறுபடி ஏறும், மோட்டார் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும். மோட்டார் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, அதனால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறிக் கருகும். பதில் மோட்டார் அதே வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு பின்னாலேயே போகும். மாதம் ஒருமுறை வண்டல் தொட்டியைத் தோண்டி, வால்வைத் திறந்து துடைத்தால் இது எதுவும் நடக்காது. நகராட்சிகளில் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரி வேலைதான்.

கூரையிலிருந்து வரும் தண்ணீர் இன்னும் மோசம். பெட்டி பெட்டியாக வார்த்த கான்கிரீட்டின் இணைப்பில் ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள், மேலே லாரி அதிர அதிர அது கிழியும். குளிர் நாடு, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் அந்த இணைப்பு வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துத் தள்ளும். கூரையில் வெள்ளையாகத் தொங்கும் மெல்லிய குழல்களைப் பார்த்திருந்தால், அது கான்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து வந்தது, தண்ணீர் ஊடுருவுகிறது என்பதற்கு அடையாளம். ஓடுகள் கொட்டுவதும் இதனால்தான். ஓட்டுக்குப் பின்னால் ஈரம் சேர்ந்து, உறைந்து, விரிந்து ஓட்டை வெளியே தள்ளும். ஓடு விழுந்த சுவரைப் பார்க்கிறவர், யாரோ போக்கிரி உடைத்துவிட்டான் என்பார். பல இடங்களில் உடைத்தது பனி.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிப் பாதி வெளிச்சம் போய்விடும், மீதியைக் கல்லெறி பார்த்துக்கொள்ளும். ஆனால் பயத்துக்கு வெளிச்சத்தைவிட முக்கியமான காரணம் வளைவு. இறங்கும்போதே மறுமுனை தெரிந்தால் மனது துணியும். திரும்பும் மூலையில் யார் நிற்கிறார் என்று தெரியாத சப்வேயில் குவிகண்ணாடி மாட்டி, கேமரா வைத்தும் பெண்கள் போக மறுத்தார்கள். ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவருக்குப் பயம் கூடும். இந்தச் சுழலுக்குள் விழுந்த சப்வேயைப் பெயின்ட் அடித்து மீட்டதாக எங்கும் உதாரணம் சொல்வது கடினம்.

நகராட்சி மனம் மாறியது 1988-இல் நடந்த ஹைபரி கூட்டத்துக்குப் பிறகு. காலரை உடைப்பது என்று அங்கே பேச்சு எழுந்தது. 1990-களில் ஓல்ட் ஸ்கொயர் என்ற சந்திப்பின் பள்ளத்தைச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2002-இல் மாஸ்ஹவுஸ் சர்க்கஸ் என்ற உயர்த்திய சந்திப்பை இடிக்கத் தொடங்கினார்கள். 1964-இல் திறந்த பழைய புல் ரிங் வணிக வளாகமும் கிங்காங் நின்ற பூங்காவும் அவற்றின் சப்வேக்களும் போய், அதே இடத்தில் புதிய வளாகம் 2003 செப்டம்பரில் திறந்தது. செயின்ட் சாட்ஸ் சர்க்கஸின் முறை 2007-இல் வந்தது.

மூடுவது என்றால் மண்ணைக் கொட்டுவது என்று நினைக்க வேண்டாம். அதுதான் செய்யவே கூடாதது. கூரைக்கு அடியில் மண்ணைத் திமிசு போட இடமில்லை. நாளாக ஆக மண் அமுங்கும், கூரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விழும், துருப்பிடித்த கூரை பஸ்ஸோடு அதில் இறங்கும். வழக்கமான முறை நுரை கான்கிரீட், அதாவது காற்றுக் குமிழிகள் கலந்த லேசான கான்கிரீட். வேலை இப்படிப் போகும்: முதலில் மேலே சிக்னல் வைத்த கடவை ஓடத் தொடங்க வேண்டும், பொதுவழி என்ற சட்ட உரிமையை முறைப்படி நீக்கும் உத்தரவு வர வேண்டும். அதற்குள் கூரையில் தொங்கும் மின், தொலைபேசிக் கேபிள்கள் யாருடையவை என்று பார்த்து இடம் மாற்றுவார்கள். பெரும்பாலும் பல மாதம் இழுப்பது இந்த ஒரு வேலைதான், கான்கிரீட் ஊற்றச் சில நாள் போதும். பிறகு கல்நார் இருக்கிறதா என்று சோதனை, மின் துண்டிப்பு, விளக்கும் மோட்டாரும் கழற்றுவது. தரையில் பல இடங்களில் துளை போடுவார்கள், இல்லாவிட்டால் ஊறி வரும் தண்ணீர் பெட்டிக்குள் தேங்கிக்கொண்டே இருக்கும். படிக்கட்டின் மேல் பகுதியையும் கைப்பிடிச் சுவரையும் சாலை மட்டத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் கீழே வரை உடைத்து எடுத்துவிடுவார்கள், பிற்காலத்தில் குழாய் பதிப்பவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. இரு வாயிலும் தடுப்புச் சுவர். கூரையில் துளையிட்டு அதன் வழியே நுரை கான்கிரீட்டைப் பம்ப் செய்வார்கள், தூரத்து உச்சியில் காற்று வெளியேற ஒரு குழாய் விட்டு வைப்பார்கள். அந்தக் குழாயில் கான்கிரீட் எட்டிப் பார்த்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். காற்றுக் குழாய் விடாத இடத்தில் கூரைக்கடியில் காற்று அடைபட்டுக்கொள்ளும், மூடியும் மூடாத கதைதான்.

ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. 3 மீட்டர் அகலம், 2.6 உயரம், 25 நீளமுள்ள சிறிய சப்வேக்கே 190 கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். ஈரமாக இருக்கும்போது அது தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும். கன மீட்டருக்கு 1,000 கிலோ கனமுள்ள கலவையை இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் தடுப்புச் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 2 டன் அழுத்தம். சுவர் பிதுங்கும். அதோடு, ஆழமாக ஊற்றினால் மேல் எடை கீழே உள்ள குமிழிகளை நசுக்கிவிடும், உள்ளே அடைபட்ட சூடும் வெளியேறாது. அதனால் நாளுக்கு ஒரு மீட்டர் சுமாராக ஏற்றுவார்கள். மேலே திறந்த படிக்கட்டுக் குழிக்கு மட்டும் வேறு சரக்கு. லேசான நுரை கான்கிரீட்டை அங்கே போட்டால் நிலத்தடி நீர் ஏறும்போது மிதக்கப் பார்க்கும், ஆகவே ஜல்லியை 150 முதல் 225 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டுத் திமிசடிப்பார்கள்.

காசில்லாத இடத்தில் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவதும் உண்டு. மலிவு போலத் தெரியும், ஆனால் மலிவல்ல. பூட்டினாலும் அது சாலையைத் தாங்கும் கட்டுமானம்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொதுவான பார்வையும், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கை எட்டும் தூரத்தில் நின்று செய்யும் முழு ஆய்வும் தொடர வேண்டும்.

நிரப்பும்போது உண்மையிலேயே இழந்தது சுவர்ச் சித்திரங்கள். கென்னத் பட் என்ற கலைஞர் இந்தச் சப்வேக்களுக்கென்றே மொசைக் செய்தவர். செயின்ட் சாட்ஸ் சர்க்கஸில் ஜான் கென்னடி நினைவாக 1968-இல் அவர் செய்ததற்கு ஊரின் அயர்லாந்துக்காரர்கள் காசு போட்டிருந்தார்கள். இடத்தை மாற்றியமைத்தபோது அது போய்விட்டது. அவர் மகன் ஆலிவர் பட் உதவியோடு 2013-இல் டிக்பெத் பகுதியில் புதிதாகச் செய்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வேல்ஸின் நியூபோர்ட்டில், வாக்குரிமைக்குப் போராடிய சார்ட்டிஸ்ட் தொழிலாளர்களைக் காட்டும் கென்னத் பட்டின் சித்திரத்தை இடித்தார்கள். 35 மீட்டர் நீளம், 2 லட்சம் ஓட்டுத் துண்டு. ஏன் கழற்றி எடுக்கக் கூடாது என்று எல்லாரும் கேட்பார்கள். முறை இருக்கிறது: முகப்பில் துணியைப் பசையால் ஒட்டி, கட்டம் கட்டமாக அறுத்து, பின்னால் உள்ள காரையை உளியால் பிரித்து எடுப்பது. ஆனால் மொசைக்கை நேராகக் கான்கிரீட் சுவரில் வலுவான சிமென்ட் காரையில் பதித்திருந்தால் காரை விடுவதற்கு முன் ஓடு உடையும். சுவரோடு அறுத்தால் சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் கனக்கும். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத சித்திரத்துக்கு அந்தச் செலவை ஒருவரும் ஏற்பதில்லை. லண்டனில் 1865-ஆம் ஆண்டுக் கிரிஸ்டல் பேலஸ் சப்வே, அதன் ரயில் நிலையம் 1954-இல் மூடிய பிறகும் நின்று இன்று பழுது பார்க்கப்பட்டிருக்கிறது என்றால், செங்கல் வளைவுகளின் அழகு பாதி, பட்டியலில் இருந்தது மீதி.

இனி உங்கள் தேடலுக்கு. பெரியப்பாவிடம் சாலையின் பெயரைக் கேளுங்கள். ஸ்மால்புரூக் 'ரிங்வே' என்று சொன்னால் அவர் நினைவு 1971-க்கு முந்தையது, அல்லது முந்தைய ஆட்களிடம் கேட்டது. அந்த ஆண்டு திறப்பு விழாவில் ராணி, ஒரு பகுதிக்கு மட்டும் வைத்திருந்த 'குவீன்ஸ்வே' என்ற பெயரை வட்டம் முழுவதற்கும் சொல்லிவிட, அதுவே நிலைத்தது. மக்கள் பழைய பெயரை வெகுகாலம் விடவில்லை என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், குரங்கைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:1250 வரைபடம். ஒரு மில்லிமீட்டர் தரையில் 1.25 மீட்டர், சப்வேயின் அகலமே தாளில் தெரியும். சாலைக்குக் குறுக்கே இரட்டைப் புள்ளிக்கோடு, பக்கத்தில் 'சப்வே' என்ற எழுத்து. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய தாள்களை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். தாளில் அச்சான ஆண்டை நம்பாமல், அளவெடுத்த ஆண்டு ஓரத்தில் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த ஃபிலிஸ் நிக்லின் 1950, 60-களில் எடுத்த வண்ணப்படங்களில் உள்வட்டச் சாலை உருவாகும் காலம் கிடைக்கும். ஆனால் குவீன்ஸ்வே காலத்துக்கு அவை உதவா.

நேரில் போகிறவர் தேட வேண்டியது: நடைபாதையில் காரணமில்லாமல் அகலமாகும் இடம், இரண்டு கரையிலும் எதிரெதிராக நீளமான செடித்தொட்டி, சாலைக்குக் குறுக்கே நேர்கோட்டில் திரும்பத் திரும்ப வெடிக்கும் தார். மூடிய பெட்டியும் பக்கத்து மண்ணும் ஒரே அளவு அமுங்காததால் அந்த வெடிப்பு, தார் எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில் திரும்ப வரும். ஹாலோவே சர்க்கஸ் ரவுண்டானாவில் பகோடா என்ற சீனக் கோபுரம் நிற்கும் பள்ளமான நடுத்திடலில் 1908-ஆம் ஆண்டுக் குதிரைச் சந்தையைக் காட்டும் கென்னத் பட்டின் மொசைக் ஒன்றும் உண்டு. பள்ளத்தின் நடுவே நின்றால் திசை எப்படித் தப்பும் என்று பெரியப்பா சொன்னது விளங்கும்.

பூட்டிய சப்வே எதையாவது கண்டால் கதவுக்கு வெளியிலிருந்தே படம் எடுங்கள். மோட்டார் ஓடாத இடத்தில் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர் நிற்கும். சம்ப்பின் இரும்பு மூடியை யாராவது எடைக்குப் போட்டிருந்தால், கணுக்கால் ஆழம் என்று காலை வைக்கும் இடத்தில் ஆளையே விழுங்கும் குழி இருக்கும்.